அத்தானுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

ஐம்பத்திரண்டு வயதில் சிலருக்கு மூட்டு வலி வரும். சிலருக்கு நிதானம் வரும். என் அக்கா புருஷனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தது. அதிலும் கொடுமை, புதிது வாங்க வக்கில்லாத ஸ்போர்ட்ஸ் கார் ஆசை. அவர் கையிலிருந்த பணத்துக்கு ஒழுங்கான புதுக் கார் கேட்டால் முன்பாதியை மட்டும்தான் தருவார்கள். அந்தப் பணத்தில் இவருக்கு இரண்டே சீட், தரையோடு ஒட்டிய உடம்பு, மடக்கினால் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும் கூரை, மிதித்தால் முதுகு சீட்டில் அப்பிக்கொள்ளும் வேகம், எல்லாம் வேண்டுமாம்.

அந்த விலைக்கு இறங்கி வந்த ஸ்போர்ட்ஸ் கார் எந்த லட்சணத்தில் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர். மோதிய கார், கவிழ்ந்த கார், தண்ணீரில் மிதந்த கார், மோதாமலே மோதியதாகச் சொல்லப்படும் கார் என்று எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்த்து, எது விபத்து, எது பித்தலாட்டம் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. பத்தொன்பது வருடமாக இதைச் செய்கிறேன். அதனால் கார்கள் மேல் கொஞ்சம் மரியாதை உண்டு, அவற்றை ஓட்டுகிறவர்கள் மேல் கிடையாது. சொந்தக்காரர்கள் எனக்குத் தேள் என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். என் காதுபடவே சொல்வார்கள். அத்தான் மட்டும் சொன்னதில்லை. அதையும் அவருடைய சாமர்த்தியக் குறைவுகளில் ஒன்றாகத்தான் நான் சேர்த்து வைத்திருந்தேன்.

அத்தானுக்குப் பல் செய்யும் வேலை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் ஜன்னல் இல்லாத ஓர் அறையில், கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, அந்த அச்சுக்குத் தகுந்த பல்லைச் செய்து மெருகேற்றி அனுப்புவார். யார் யாரோ கல்யாண போட்டோவில் இளிப்பதற்கு இவர் முதுகு வளைந்துபோயிற்று. அந்த அறையில் எட்டு வருடம் சனிக்கிழமைகளிலும் உட்கார்ந்து வேறொரு ஆஸ்பத்திரிக்குப் பல் செய்து கொடுத்துச் சேர்த்த பணம்தான் இந்தக் கார் பணம். மகள் படிப்பு முடித்து வேலைக்குப் போன மாதம், சாப்பாட்டு மேஜையில் வைத்து, யாரோ செய்த குற்றத்தை ஒப்புக்கொள்கிறவரைப்போல, தனக்கு இப்படி ஓர் ஆசை இருபது வயதிலிருந்தே உண்டு என்று சொன்னாராம்.

அக்கா உடனே முடியாது என்று சொல்லவில்லை. அவள் குழந்தைகள் பள்ளியில் தலைமை ஆசிரியை. முடியாது என்ற வார்த்தையை உபயோகிக்காமலே முப்பது பிள்ளைகளை உட்கார வைக்கத் தெரிந்தவள். அவளுக்கும் ஓர் ஆசை இருந்தது. அவள் சமையலறையைப் பார்த்தவர்கள் அதை ஆசை என்றுகூடச் சொல்லமாட்டார்கள். அலமாரிக் கதவுகள் ஈரத்தில் ஊதிப்போய் மூடாது. ஒரு கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பாள். குழாயைத் திறந்தால் தண்ணீர் முதலில் சுவரை நனைத்துவிட்டுத்தான் தொட்டிக்கு வரும். பதினொரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கடைசியில் இரண்டு பேரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். மாதக் கடைசிக்குள் நல்ல கார் ஒன்று அமைந்தால் பணம் காருக்கு. அமையாவிட்டால் பணம் சமையலறைக்கு. அதன்பிறகு கார்ப் பேச்சே கூடாது.

நியாயமான ஒப்பந்தம் என்று அத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். மறுநாளே அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"உன்னைத்தான் கூட்டிட்டுப் போகணும்னு சொல்றார். நீ கூடப் போடி. பாக்குற கார்ல எல்லாம் ஏதாவது ஒரு குறை சொல்லு. உனக்கு அது ஒண்ணும் கஷ்டமில்லையே."

கஷ்டமே இல்லை என்றேன். கூலி இல்லாமல் பொழுதுபோக்கு கிடைக்கும்போது யார் வேண்டாம் என்பார்கள். தொப்பையும் வழுக்கையுமாக ஒரு மனிதர் ஸ்போர்ட்ஸ் காருக்குள் நுழைவதைப் பார்க்க நான் காசு கொடுத்துக்கூடப் போயிருப்பேன்.

முதல் கார் ஓர் உடற்பயிற்சி மாஸ்டருடையது. அவருடைய கை என் இடுப்பளவு இருந்தது, காரும் அவரைப்போலவே வெளியே மட்டும் வீங்கியிருந்தது. பின்னால் இறக்கை மாதிரி ஒன்றைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். ஓட்டும்போது அது காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்குமாம். நான் விரலால் அழுத்தியதும் அது என் கையோடு வந்துவிட்டது. அத்தான் உள்ளே உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்டார். உட்கார்ந்துவிட்டார். எழுந்திருப்பதுதான் நடக்கவில்லை. மாஸ்டர் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்து வெளியே எடுத்தோம். எடுக்கும்போதே நான் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன், அத்தானும் சேர்ந்து சிரித்தார். தன்னைப் பார்த்துச் சிரிப்பவர்களோடு சேர்ந்து சிரிக்கிற மனிதரைக் கேலி செய்வதில் பாதி ருசி போய்விடும். கதவுக்குக் கீழே இருந்த இரும்பைச் சாவியால் குத்தினேன், சாவி உள்ளே போய்விட்டது. அவ்வளவு துரு. அங்கே நான் பொய் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது, பழைய கார் விற்கும் ஒரு கடையில். கூர்மூக்குச் செருப்பு போட்ட விற்பனைக்காரன் ஒருவன் அத்தானைக் கண்டதுமே, "சார் ஸ்போர்ட்ஸ் டைப்னு பாத்ததும் தெரியுது" என்றான். பொய் சொல்வதற்கும் ஒரு கூச்சம் வேண்டும். அவன் காட்டியது வெள்ளைக் கார். கழுவித் துடைத்து, உள்ளே தலைவலி வருகிற அளவுக்கு வாசனை அடித்து வைத்திருந்தான். நான் பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டரை எடுப்பதற்குள் அத்தான் காரை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, ஓட்டுநர் பக்கக் கதவு முன்னால் குனிந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு வளையத்தை எடுத்தார். வளையத்தில் வரிசையாக, நிறக் குறியீடு போட்ட மாதிரிப் பற்கள். யாருக்கு எந்த நிறத்தில் பல் செய்வது என்று ஒப்பிட்டுப் பார்க்க அவர் தொழிலில் வைத்திருப்பது. ஒவ்வொரு பல்லாகக் காரின் கதவில் வைத்துப் பார்த்தார். விற்பனைக்காரன் வாயைப் பிளந்தான்.

"கதவு ஏ-டூ," என்றார் அத்தான். "மத்ததெல்லாம் பி-ஒன். இந்தக் கதவு பிறகு மாட்டினது."

வெயில் அப்படித் தெரிகிறது என்று அவன் சாதித்தான். நான் மீட்டரை வைத்தேன். கதவில் பெயிண்ட் மற்ற இடத்தைப்போல மூன்று மடங்கு இருந்தது. அதோடு விடாமல் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். யாரும் இழுக்காத அந்தக் கடைசி முழத்தில் சேறு காய்ந்து கோடாக நின்றது. ஜன்னல் மட்டம்வரை தண்ணீரில் நின்ற கார். வாசனைக்குக் காரணம் அதுதான். விற்பனைக்காரன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வெளியே வந்ததும், நாம் இரண்டு பேரும் சேர்ந்தால் ஒருத்தனும் நம்மை ஏமாற்ற முடியாது என்று அத்தான் சொன்னார். நாம் இரண்டு பேரும். எனக்கு எரிச்சலாக இருந்தது. பல்லை வைத்துக் காரைப் பார்த்த மனிதர் என்னைத் தன் கூட்டாளியாக்கிக்கொண்டதில் எரிச்சல். அவர் கண்ணில் பட்டது என் கண்ணில் முதலில் படவில்லையே என்பதில் அதைவிட எரிச்சல்.

மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை மூன்றாவது காரைப் பார்க்கப் போனோம். ஓய்வு பெற்ற நீச்சல் டீச்சர் ஒருவருடைய கார். அகலத் தோளும் குட்டை முடியுமாக இருந்தார், பேச்சு குறைவு. தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பிறகு கியர் போட முடியவில்லை, அதனால் விற்கிறேன் என்றார். விலையும் சொன்னார். அத்தானிடம் இருந்த பணத்துக்கு அப்படியே பொருந்திய விலை. சாவியை அத்தான் கையில் கொடுத்து, "ரெண்டு சீட்தான், நான் வரமுடியாது, நீங்க ஓட்டிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அடையாள அட்டைகூடக் கேட்கவில்லை.

கருநீலம். பன்னிரண்டு வயது. நான் மீட்டரை வைக்காத இடமில்லை. எல்லா இடத்திலும் பெயிண்ட் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தது. கீழே படுத்துப் பார்த்தேன். டயரைத் தடவிப் பார்த்தேன். கூரையை நான்கு தடவை மடக்கி விரித்தேன். குறை கண்டுபிடிக்கவே பிறந்தவள் என்று பெயரெடுத்தவளுக்கு ஒரு கீறல்கூட அகப்படவில்லை.

"நீயே முதல்ல ஓட்டிப் பாரு," என்றார் அத்தான். "உனக்குத்தான் தெரியும்."

ஓட்டினேன். நான் தினமும் ஓட்டுவது கம்பெனி கொடுத்த சாம்பல் நிற டப்பா. பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ கார்களைத் தொட்டிருக்கிறேன், எல்லாம் அடிபட்டுக் கிடந்தவை. ஓடுகிற நல்ல காரை நான் ஓட்டியதே இல்லை என்பது மூன்றாவது கியரில்தான் எனக்கு உறைத்தது. ஊரைத் தாண்டிய பாதையில், வளைவில் திருப்பினால் திரும்புகிறது, மிதித்தால் கேட்கிறது, காற்று தலைமுடியைப் பிய்க்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. யாரையும் பார்த்து வந்த சிரிப்பில்லை. சும்மா வந்தது.

திரும்பி வரும்போது அத்தான் ஓட்டினார். முதலில் பால் பாத்திரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நடக்கிறவரைப்போல ஓட்டினார். பிறகு நேரான பாதை வந்ததும் மிதித்தார். அவர் முகத்தை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். ஐம்பத்திரண்டு வயது முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வெட்கமில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், கேலி செய்யத் தோன்ற வேண்டும். எனக்குப் பொறாமையாக இருந்தது.

வாசலில் வந்து நின்றோம். டீச்சர் இன்னும் வெளியே வரவில்லை. அத்தான் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எஞ்சினைக் கோயில் சிலையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். நான் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றினேன். அடியில் வெண்ணெய் தடவிய மாதிரி வெளுத்த படலம் லேசாக இருந்தது. குளிர் நாட்களில், பக்கத்துக் கடைவரை மட்டும் போய் வருகிற கார்களில் அது எப்போதும் இருக்கும். காற்றிலுள்ள ஈரம் மூடியில் போய்ப் படிவது, துடைத்தால் போய்விடும். எஞ்சினுக்குள் தண்ணீரையும் எண்ணெயையும் பிரித்து வைக்கிற ஹெட் கேஸ்கட் போய், இரண்டும் கலந்தாலும் மூடியில் அதே வெளுப்புதான் தெரியும். இரண்டுக்கும் வித்தியாசம் என்னைப்போன்றவர்களுக்குத் தெரியும். பல் செய்கிறவர்களுக்குத் தெரியாது.

மூடியை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன்.

"கேஸ்கட் போயிடுச்சு அத்தான். எண்ணெயில தண்ணி கலந்திருக்கு."

அவர் மூடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். விரலால் அந்தப் படலத்தைத் தொட்டு, தேய்த்து, மோந்து பார்த்தார். சரி செய்ய முடியாதா என்று கேட்டார். எஞ்சினை வெளியே எடுக்க வேண்டும், குறைந்தது மூன்று வாரம் ஆகும், அதற்குப் பிறகும் எத்தனை நாள் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, கொடுக்கிற விலையில் பாதி திரும்ப அதற்கே போகும் என்று நான் அடுக்கினேன். நாக்கு குழறவே இல்லை. அக்காவின் ஊதிப்போன கதவுகளை நினைத்துக்கொண்டேன். நல்ல காரியம் செய்வதாக எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன்.

"ஓட்டும்போது நல்லா இருக்கிற மாதிரிதான் இருந்துச்சு," என்றார். "ஆனா நீ சொன்னா சரி."

டீச்சர் ஒரு பெரிய கோப்போடு வந்தார். பன்னிரண்டு வருட ரசீதும் வரிசையாக இருந்தது. அத்தான் அவரிடம் கேஸ்கட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. கார் அருமையான கார், தன் உயரத்துக்கு உட்கார வசதியாக இல்லை, மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள், நாம் போய்க் குறை சொன்னால் மனசு கஷ்டப்படும் என்று பஸ்ஸில் என்னிடம் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேறு கார் பார்க்கலாமா என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. மாதக் கடைசி வரட்டும் என்றுகூடக் காத்திருக்காமல், திங்கட்கிழமையே அலமாரி செய்யும் ஆசாரியை வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டாராம். அக்கா போனில் பூரித்துப்போனாள்.

இனிமேல் சொல்லப்போவது என் லட்சணம். மற்றவர்களைக் கரித்துக்கொட்டிய வாயால் இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

செவ்வாய்க்கிழமை நீச்சல் டீச்சருக்குப் போன் செய்தேன். கார் விற்றுவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். விற்கவில்லை. புதன்கிழமை ஆபீஸில் கடனுக்கு எழுதிக் கொடுத்தேன். ஒரு நல்ல கார் எவனோ கூர்மூக்குச் செருப்புக்காரன் கையில் போய்ச் சேர்ந்து நாசமாவதைத் தடுக்க வேண்டும் என்பது அன்றைய காரணம். எப்படியும் அத்தானுக்கு இனி கிடைக்கப்போவதில்லை, நம் குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்பது அதற்கு அடுத்த காரணம். போலி கிளெய்ம் எழுதுகிறவர்கள்கூட இப்படி ஒரு நாளைக்கு ஒரு காரணம் மாற்றமாட்டார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் அந்தக் காரை என் குடியிருப்பின் கீழே நிறுத்தி, புது உறை ஒன்று வாங்கி மூடினேன். திருட்டுப் பொருளை ஒளித்து வைக்கிறவளைப்போல அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே மூடினேன்.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். போனில்தான்.

"நான் உன்னைக் குறை சொல்லச் சொன்னேன்," என்றாள். "வாங்கச் சொல்லலை."

பிறகு, இப்போது அவரிடம் சொல்லாதே, சமையலறை வேலை முடியட்டும், நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்றாள். என் மேல் கோபப்பட அவளுக்கு வாயில்லை. ஆரம்பித்து வைத்தது அவள்தானே. அதனால் என்னை ஒரு வார்த்தை திட்டாமல் போனை வைத்தாள், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தான் என் வீட்டுக்கு வந்தார். ஆசாரி லீவு போட்டுவிட்டானாம், மேல் அலமாரியைத் தானே மாட்டப்போகிறாராம், என்னிடமிருந்த டிரில் மெஷின் வேண்டுமாம். மாடியேறி வந்தவர் மூச்சு வாங்க நின்று, கீழே உறை போட்டு நிற்கிறதே, அது யாருடைய கார் என்று கேட்டார். உறைக்கு வெளியே சக்கரம் தெரிந்ததாம். அந்தச் சக்கரத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதாம். பற்களுக்கிடையில் இம்மியளவு வித்தியாசம் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு முன்னால் உறை எந்த மூலைக்கு.

என்னுடையது என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. நான் எதிர்பார்த்தது அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும். "வாங்கிட்டியா? சொல்லவே இல்லையே," என்றார். தன்னால் வாங்க முடியாத கார் தெரிந்தவள் கையில் வந்ததில் அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். கேஸ்கட் என்ன ஆயிற்று என்று உடனே கேட்டார். மாற்றிவிட்டேன் என்றேன். அப்படியென்றால் சரி, உனக்கென்றால் எந்த மெக்கானிக் நல்லவன் என்று தெரியும், எனக்கு அதெல்லாம் ஓடியிருக்காது, அது சரியான கையில்தான் வந்து சேர்ந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே கீழே இறங்கினார். நான் டிரில் மெஷினைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். வீடுவரை கொண்டுவந்து விடுகிறாயா என்று கேட்டார். எப்படி மறுப்பது.

கார்ப் பக்கத்தில் நின்று கொஞ்சம் தயங்கினார். தான் ஓட்டலாமா என்று கேட்டார். இன்சூரன்ஸில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது என்றேன். அது உண்மைதான். அந்த உண்மையைச் சொன்னதற்காக இன்றைக்கும் என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அவர், ஆமாம், அதுவும் சரிதான் என்று சொல்லி மறுபக்கம் போய், முழங்காலை மடித்து, தலையைக் குனிந்து, இந்தத் தடவை யார் உதவியும் இல்லாமல் உள்ளே உட்கார்ந்தார். டிரில் மெஷின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

கூரையை இறக்கினேன். இரண்டு தெரு தாண்டும்வரை அவர் காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சாலையைப் பார்த்தார். பிறகு, எப்போது வாங்கினாய் என்று கேட்டார். நான் வளைவில் கவனமாக இருந்தேன். போன வியாழனுக்கு முந்தின வியாழக்கிழமை என்று உள்ளதைச் சொன்னேன். சொல்லி முடித்து அடுத்த கியர் போடும்போதுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. இரண்டு வாக்குமூலத்துக்கு நடுவில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். எவ்வளவு பேரை இந்த மாதிரி ஒரு தேதியில் பிடித்திருக்கிறேன்.

"பத்து நாள்தான் ஆச்சு," என்றார் அத்தான். அவர் என்னைப் பிடிக்கவில்லை. விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். "எஞ்சினை வெளிய எடுத்தா மூணு வாரம் ஆகும்னியே."

சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினேன். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"அப்ப நல்ல கார்தான்," என்றார்.

ஒரு நொடி அவருக்குச் சந்தோஷம்தான். அன்றைக்குத் தனக்குத் தோன்றியது தப்பில்லை என்ற சந்தோஷம். அது வடிவதையும் நான் பார்த்தேன். டிரில் பெட்டியின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். விளக்கு பச்சைக்கு மாறியது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், நான் நகர்த்தினேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டால் சொல்வதற்கு நான்கைந்து காரணம் வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. அவர்கள் தெரு முனை வந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

குரல் மிகவும் தணிந்திருந்தது. காரைப் பற்றி அவர் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. எட்டு வருடச் சனிக்கிழமைகள் போனால் போகட்டும். இருபத்துமூன்று வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறவள் மேஜையில் எதிரே உட்கார்ந்து ஒப்பந்தம் பேசிவிட்டு, பின்னால் போய் அதைக் கவிழ்த்தாளா என்பதுதான் கேள்வி. அதற்கு நான் சொல்லப்போகும் பதிலோடு அவர் அந்த வீட்டுக்குள் போகவேண்டும், புதிய அலமாரியை மாட்ட வேண்டும், அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

"தெரியாது அத்தான்," என்றேன். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நானாத்தான் சொன்னேன். கார் மேல எனக்கே ஆசை வந்துடுச்சு."

அவர் என் முகத்தை முழுசாகத் திரும்பிப் பார்த்தார். கதவுப் பக்கத்தில் குனிந்து நின்று பார்த்த அதே பார்வை. பத்தொன்பது வருடம் பொய்யர்களின் முகத்தைப் பார்த்துப் படித்ததெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்குக் கை கொடுத்தது. நான் கண் இமைக்கவில்லை. அவர் மூச்சை மெதுவாக வெளியே விட்டார். தோள் தளர்ந்தது. நம்பிவிட்டார்.

வாசலில் அக்கா நின்றிருந்தாள். நீலக் காரைக் கண்டதும் அவளுக்கு முகம் வெளிறிப்போனது. என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அத்தான் சிரமப்பட்டு இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளிடம் போய், உன் தங்கை கார் வாங்கியிருக்கிறாள் பார், நான் பிறகு சொல்கிறேன் என்றார். அவளிடம் பேசிய குரலில் கனிவு கொஞ்சமும் குறையவில்லை. சுவரில் எங்கே துளை போட வேண்டும் என்று பென்சிலால் குறித்துவிட்டாயா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அவள் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது, நல்லவேளை, அவர் அதைக் கவனிக்கவில்லை.

உள்ளே போகப் போனவர் என் பக்கம் திரும்பினார். இத்தனை வருடம் பட்டப்பெயர்கூடச் சொல்லாமல், கூடப் பிறந்தவளிடம் பேசுகிற மாதிரி நீ, வா, போ என்றே என்னிடம் பேசிய மனிதர்.

"பாத்துப் போங்க," என்றார்.